அறுபதும் இருநூற்றுப் பத்தும்

கிராஃபிக்ஸ் கார்டைச் சோதிக்கும் முன் வி-சிங்க்கை அணைக்க வேண்டும் என்று உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சரியான பாடம். அதில் சேர்க்க என்னிடம் ஒன்றுமில்லை. அணைத்ததைத் திரும்பப் போடுவது பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து நல்லதாக நாலு விஷயம் எழுதிக் கொடுங்கள் மேடம் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நல்லதாக நாலு தேறவில்லை. நடந்ததாக ஒன்று இருக்கிறது.

உங்களில் சிலர் விற்பனைப் பிரிவில் இருப்பீர்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கணினித் திரை ஒரு நொடிக்கு அறுபது முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது. மேலிருந்து கீழாக, வரிவரியாக. கார்டு அதைவிட வேகமாகப் படங்களைத் தயாரிக்கக்கூடியது. வி-சிங்க் இருந்தால், திரை ஒரு படத்தை முழுதாக வரைந்து முடிக்கும்வரை கார்டு காத்திருக்கும். அதனால் எவ்வளவு உயர்ந்த கார்டாக இருந்தாலும் நொடிக்கு எத்தனை படம் என்கிற எண் அறுபதைத் தாண்டாது. சுமாரான கார்டும் அதே அறுபதைக் காட்டும். அணைத்தால்தான் எது குதிரை, எது கழுதை என்று தெரியும். ஆனால் அணைத்தபின், திரை பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்து விழும். மேலே பழைய படம், கீழே புதிய படம், இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு. சோதிக்கிறவர்களுக்கு அது பொருட்டில்லை. நாம் எண்ணைப் பார்க்கிறோம். படத்தைப் பார்ப்பது வேறொருவருடைய வேலை.

எனக்கு இந்தப் பாடம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தது. இருபது கணினிகள். எல்லாவற்றிலும் அறுபது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து ஓர் ஆசிரியர் கூப்பிட்டு, பாதிக் கணினிகளில் வரைபட மென்பொருள் நகரவே மாட்டேன் என்கிறது என்றார். திறந்து பார்த்தால் பாதியில் பழைய கார்டுகள். எங்களுக்குச் சரக்கு அனுப்பியவரின் கைவேலை. அறுபது என்ற எண் அவருக்காக எல்லாவற்றையும் மறைத்து வைத்திருந்தது. அன்றிலிருந்து நான் அணைத்துப் பார்க்காமல் எதையும் ஏற்றதில்லை. "அந்தம்மா அணைச்சுப் பாத்துடுவாங்க" என்று காஞ்சிபுரத்து வியாபாரிகள் என்னைப் பற்றிச் சொல்லுமளவுக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதும் பின்னால் நடந்ததற்கு ஒரு காரணம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டினேன். அங்கே ஒரு துணை ஆசிரியர் இருந்தார். ஒரு நாள் மாகறல் பக்கம் சுவர் இடிந்து ஒருவர் இறந்த செய்தி வந்தது. நிருபர் தலைப்பும் போட்டு அனுப்பியிருந்தார்: குடித்திருந்த கூலித் தொழிலாளி சுவர் இடிந்து சாவு. துணை ஆசிரியர் நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"குடிச்சிருந்தாரா?"

"ஆமா சார். ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க."

"சுவரும் குடிச்சிருந்துதா?"

துணை ஆசிரியர் "குடித்திருந்த" என்ற சொல்லை அடித்துவிட்டு என்னிடம் தாளை நீட்டினார். "பொய் எழுதுறவனக் கூடப் புடிச்சிடலாம்மா. உண்மைய வெச்சே பொய் சொல்றவனப் புடிக்கறதுதான் கஷ்டம்" என்றார். நான் சிரித்துக்கொண்டே தலைப்பை மாற்றினேன். அது எனக்கும் சேர்த்துச் சொன்னது என்று அப்போது தோன்றவில்லை.

இனி அந்தப் பட்டு நிறுவனம். பெயர் வேண்டாம். காஞ்சிபுரத்தில் அப்படிப் பல உண்டு. அவர்கள் டிசைன் பிரிவுக்குப் புதிதாக ஆறு கணினிகள் வாங்கினார்கள். அதுவரை புடவையின் கரையும் முந்தானையும் அட்டைகளில் துளையாக இருந்தன. ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஓர் அட்டை. ஆயிரக்கணக்கான அட்டைகளைக் கயிற்றில் வரிசையாகக் கோர்த்துத் தறிமேல் தொங்கவிடுவார்கள். அந்த வேலை இப்போது கணினிக்கு வந்திருந்தது. அட்டைக்குப் பதில் கோப்பில் ஒரு வரி. டிசைனர் வரைந்து முடித்ததும் ஒருவர் அதை முழுத்திரையில் மேலிருந்து கீழே ஓடவிட்டு, எங்காவது வரி தாண்டியிருக்கிறதா, திரும்ப வந்திருக்கிறதா என்று பார்த்து அனுமதிக்க வேண்டும். பிறகுதான் கோப்பு தறிக்குப் போகும்.

பார்த்து அனுமதிக்கிறவர் எஸ்தர். முப்பத்தெட்டு வயதிருக்கும். திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அதே நிறுவனத்தில் பத்து வருடம் அட்டை கோர்த்தவர். அட்டை கோர்த்த பெண்கள் பதினான்கு பேரில் டிசைன் அறைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது அவர் ஒருவர்தான். அந்த அறையில் மற்ற எல்லோரும் தறி வைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். எஸ்தரின் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் எஸ்தர் ஏதாவது தவறு என்று சொன்னால் மற்றவர்கள் இரண்டாவது தடவை சொன்ன பிறகே திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை நான் முதல் நாளே கவனித்தேன். கவனிப்பதற்கு நாளிதழில் பழகியிருந்தேன். கவனித்ததோடு நிறுத்திக்கொள்வதற்கும் அங்கேதான் பழகினேன்.

கணினிகளை நிறுவினேன். வழக்கம்போல் வி-சிங்க்கை அணைத்து, திரையின் மூலையில் எண் தெரியும்படி வைத்து, அவர்களுடைய மிகக் கனமான டிசைனையே ஓடவிட்டுப் பார்த்தேன். இருநூற்றுப் பத்து. ஆறிலும் அதே அளவு. நல்ல கார்டுகள். பிரிவின் மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை முடிந்ததும் நான் முதல் கணினியில் வி-சிங்க்கைத் திரும்பப் போட்டேன். எண் அறுபதுக்கு இறங்கியது.

"இன்னாம்மா இது? இப்பதான் இருநூத்திப் பத்து ஓடிக்கினு இருந்துது. இன்னா பண்ணீங்க?"

விளக்கினேன். திரைக்கு அறுபதுதான் தேவை, மீதி வீண் என்றேன்.

"அறுபது போதும்னா நான் அறுபது மெஷினே வாங்கியிருப்பேனே. பெரிய காஞ்சிபுரத்துல ஒருத்தரு வாங்கி வெச்சிருக்காரு. அவுரு மெஷின்ல நூத்தி முப்பதாம். வர்றவன் போறவன் கிட்டலாம் சொல்லிக்கினு இருக்காரு. மொதலாளி வந்து பாக்கசொல்ல இங்க அறுபதுன்னு நின்னா நான் இன்னாம்மா பதில் சொல்றது?"

"சார், அது வேற, இது வேற."

"உங்களுக்கு வேற. அவருக்கு எல்லாம் நம்பருதான். ஒன்னு பண்ணுங்க. மொதலாளி வந்து பாத்துட்டு கையெழுத்துப் போட்ற வரைக்கும் அந்த இருநூத்திப் பத்து அப்படியே இருக்கட்டும். அப்பறம் நீங்க எத வேணா எறக்கிக்குங்க."

முதலாளி எப்போது வருவார் என்று கேட்டேன். கருட சேவை முடியட்டும் என்றார். உற்சவத்தில் அவர்களுக்கு ஒரு நாள் உபயம் உண்டு. ஊரே தெருவை மறித்துக்கொண்டு நிற்கிற நாட்கள் அவை. முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் நிறுவனத்தின் வேலை முடிந்ததாகும். அவருடைய மற்ற கிளைகளுக்கான ஆர்டரும் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் காத்திருந்தது. எங்கள் சர்வீஸ் தலைவர் தினமும் போன் செய்து "கையெழுத்து வந்துதா மேடம்" என்பார். இன்னும் கொஞ்சம் வாதாடியிருந்தால் மேலாளர் ஒப்புக்கொண்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் வாதாடவில்லை. போட்டதைத் திரும்பவும் அணைத்துவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் எஸ்தர் போன் செய்தார்.

"அக்கா, ஸ்க்ரீன்ல அட்டை தாண்டுதுக்கா."

"அட்டையே இல்லயே எஸ்தர், அங்க."

"இல்லதான். ஆனா தாண்டுது. ஓடிக்கினே இருக்கும்போது நடுவுல பத்துப் பன்னெண்டு வரி காணாப்பூடுது. நிறுத்துனா சரியா இருக்குது. திரும்ப ஓட்டுனா வேற எடத்துல தாண்டுது. எனக்கு ஒரே கொழப்பமா இருக்குதுக்கா. நேர்ல வந்து பாருங்களேன்."

போனேன். எஸ்தர் ஓட்டிக் காட்டினார். அன்னங்கள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றின் நடுவில் ஒரு வெட்டு, அடுத்ததன் காலில், பிறகு இரண்டுக்கும் இடையில். நான் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அணைத்துவிட்டுப் போனதுதான். சோதிக்கிற எனக்கு அது திரையில் ஒரு கீறல். பத்து வருடம் அட்டை வரிசையைப் பார்த்த கண்ணுக்கு அது தொழிலின் மிகப் பெரிய குற்றம், நிமிடத்துக்கு நூறு தடவை.

அறையில் எல்லோரும் இருந்தார்கள். டிசைனர் பாலாஜி நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்:

"சார், எஸ்தருக்கு சாளேசரம் வந்துடுச்சு. ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க. என் ஃபைல்ல எந்த அட்டையும் தாண்டல."

எஸ்தர் திரும்பாமலே பதில் சொன்னார்.

"எனக்கா சாளேசரம்? உன் சட்டையில மூணாவது பட்டன் வேற நூல்ல தெச்சிருக்குது. மத்ததுல வெள்ளை, அதுல சந்தன கலரு. வூட்டுக்குப் போயி வெளிச்சத்துல வெச்சிப் பாரு."

பாலாஜி குனிந்து பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. அவர் மூலையிலிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குக் கவலை.

மூன்று கிளிக் போதும். எஸ்தரின் கணினியில் மட்டுமாவது போட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்தக் கணினி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. முதலாளி உள்ளே வந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"எஸ்தர், அது ஃபைல்ல இல்ல. வெறும் ஸ்க்ரீன்லதான். கண்டுக்காதீங்க" என்றேன்.

"ஸ்க்ரீன்லதானா?"

"ஆமா."

"அப்ப எது ஸ்க்ரீன்ல தாண்டுது, எது ஃபைல்ல தாண்டுதுன்னு நான் எப்படிக்கா கண்டுபுடிக்கறது?"

இருபத்தைந்து வருடத்தில் ஒரு பயனாளர் என்னிடம் கேட்ட மிகச் சரியான கேள்வி அது. நான் சொன்ன பதிலையும் அப்படியே எழுதுகிறேன்.

"சந்தேகமா இருந்தா நிறுத்திப் பாருங்க. நின்னா சரியாயிடும்."

"ஒவ்வொரு தாண்டலுக்கும் நிறுத்திக்கினு இருந்தா ஒரு நாளைக்கு ஒரு டிசைன்கூட முடியாதேக்கா. இங்க நாலு கேக்கறாங்க."

"ரெண்டு நாள்தான். அப்பறம் சரி பண்ணித் தர்றேன்."

எஸ்தர் தலையாட்டினார். மேலாளர் எனக்கு டீ சொன்னார்.

அந்த இரண்டு நாள் பதினைந்து நாள் ஆயிற்று. கருட சேவை முடிந்தும் முதலாளி வரவில்லை. நானும் கேட்கவில்லை. எஸ்தர் திரும்பப் போன் செய்யவில்லை. செய்யாததை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். அவர் என் சொல்லைக் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார். திரையில் வெட்டு விழும்போது நெஞ்சு திடுக்கிடாமலிருக்கப் பழகினார். அதற்கு ஒரு வாரம் போதுமாயிருந்திருக்கிறது.

இருபத்தோராம் நாள் முதலாளி வந்தார். மேலாளர் மூலையைக் காட்டினார். "இருநூத்திப் பத்துங்க. அவுங்களது நூத்தி முப்பதுதான்." முதலாளி எண்ணைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார், என் தாளில் கையெழுத்துப் போட்டார். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை அறையைத் திறக்கும் காவலாளியிடம் முன்பே சொல்லிவைத்து, ஏழரைக்கெல்லாம் போனேன். ஆறு கணினிகளிலும் வி-சிங்க்கைப் போட்டேன். மூலையிலிருந்த எண்ணையும் எடுத்துவிட்டேன். எல்லோரும் வருவதற்குள் முடித்துவிட்டால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதை அப்போது நேர்த்தி என்றே நினைத்தேன்.

பதினோரு மணிக்கு மேலாளர் போன் செய்தார். உடனே வரச் சொன்னார்.

மேசைமேல் ஒரு புடவை விரித்திருந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை, கரையில் ஜரிகை அன்னங்கள். அன்று காலைதான் தறியிலிருந்து இறங்கியது. முதலாளி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். ஒவ்வோர் அன்னத்தின் கழுத்தும் நடுவில் விலகி, தலை ஒரு பக்கம் தள்ளி இருந்தது. பன்னிரண்டு வரி இல்லை. பாலாஜி டிசைனைப் பிரதியெடுத்து ஒட்டியபோது அந்த வரிகள் விடுபட்டிருந்தன. இந்தத் தடவை தாண்டியது கோப்பிலேயே. எஸ்தர் அதை அனுமதித்திருந்தார். மூன்று தறிகளில் அதே டிசைன் ஓடிக்கொண்டிருந்தது.

"முகூர்த்தப் பொடவை" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவில்லை. "பொண்ணு வூட்டுல இன்னா சொல்றது? கழுத்து ஒடிஞ்ச அன்னத்தக் கட்டிக்கினு மணவறையில குந்தும்மான்னு சொல்றதா?"

"தறிக்காரரக் கேட்டேன் மொதலாளி" என்றார் மேலாளர். "'கம்ப்யூட்டர்ல வந்த டிசைனு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்'ங்கறாரு."

முதலாளி எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் நின்றுகொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் மொதலாளி. ஸ்க்ரீன்ல தாண்டிக்கினே இருக்குதுன்னு சொன்னேன். எல்லாரும் இருந்தாங்க. அக்காவும் வந்து பாத்தாங்க. இதுவும் ஸ்க்ரீனுதான்னு நெனச்சி வுட்டுட்டேன். இருங்க, ஓட்டிக் காட்றேன். நீங்களே பாருங்க."

அவர் உட்கார்ந்து வேறொரு டிசைனைத் திறந்து முழுத்திரையில் ஓடவிட்டார். தண்ணீர் போல ஓடியது. ஒரு வெட்டுகூட இல்லை. இரண்டாவது டிசைன். அதுவும் அப்படியே. எஸ்தர் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். வேகத்தைக் கூட்டினார், குறைத்தார்.

"இப்ப தாண்டலயே" என்றார் முதலாளி.

எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தது இந்த இடத்துக்காகத்தான். அன்று என் கையில் இருந்தது நான் தினமும் செய்கிற சோதனை. வி-சிங்க்கை அணைக்க வேண்டும், ஓட்ட வேண்டும், காட்ட வேண்டும். ஒரு நிமிடத்தில் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் எஸ்தர் மூன்று வாரமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்திருக்கும். முந்தைய நாள் முதலாளி கையெழுத்துப் போட்ட எண் எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்கும். மேலாளர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரும் வழியில் எங்கள் சர்வீஸ் தலைவரிடம் பேசியிருந்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மேடம், மேல எதுவும் பேசாதீங்க" என்று சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஏம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் முதலாளி. "மெஷின்ல எதாவது கோளாறு இருந்துதா?"

"மெஷின்ல கோளாறு எதுவும் இல்லீங்க" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அமைப்பில் ஒன்றை அணைத்து வைப்பது கோளாறு ஆகாது. நீதிமன்றத்தில் கேட்டாலும் அதையே சொல்லலாம்.

எஸ்தர் திரைக்குத் திரும்பினார். அந்த அன்னக் கரையின் கோப்பைத் திறந்து ஓடவிட்டார். நாலைந்து நொடிகூட ஆகியிருக்காது. நிறுத்தினார்.

"இதோ. இதுதான் தாண்டுது. இது நிறுத்துனாலும் நிக்குது பாருங்க. இந்தக் கழுத்துல."

அவர் விரல் சரியான வரியில் இருந்தது. பாலாஜி எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். திரை ஒழுங்காக இருந்தால் எஸ்தருக்கு ஐந்து நொடி போதும் என்பதை அந்த அறையில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"இப்ப தெரியுதில்ல?" என்றார் மேலாளர். "இது அன்னிக்குத் தெரியலயா?"

பாலாஜிக்கு எச்சரிக்கை. எஸ்தரை அந்த வார இறுதியோடு நிறுத்தினார்கள். திரும்ப அனுப்ப அட்டை கோர்க்கும் பிரிவும் அங்கே இல்லாமல் போயிருந்தது. எழுத்தில் ஓர் அறிக்கை வேண்டும் என்று கேட்டார்கள், நான் கொடுத்தேன்: நிறுவப்பட்ட ஆறு கணினிகளிலும் கோளாறு ஏதும் காணப்படவில்லை. ஒரு வரிதான். நான் பக்கம் கட்டிய காலத்தில் அந்தத் துணை ஆசிரியர் மேசைக்கு இது வந்திருந்தால் எந்தச் சொல்லை அடித்திருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அடிக்க ஒரு சொல்லும் இல்லை. விட்டுப்போன வரியைத்தான் அவர் கேட்டிருப்பார்.

நாளிதழில் தப்பு வந்தால் மறுநாள் ஒரு சின்னப் பெட்டியில் திருத்தம் போடுவார்கள். யாரும் படிக்காத இடத்தில் என்றாலும் போடுவார்கள். நம் வேலையில் அப்படி ஒரு பெட்டி கிடையாது. வேண்டும் என்றால் நாமே போய் ஒருவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை அந்த நிறுவனத்துக்கு வருடத்தில் நாலு தடவை போய்வந்தேன். சொல்ல நாலு தடவை வாய்ப்பு, ஒவ்வொரு வருடமும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மதியம் காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு வெளியே எஸ்தரைப் பார்த்தேன். நீல மேலங்கி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களோடு நின்றார். அவர்தான் முதலில் பேசினார்.

"நல்லா இருக்குறீங்களாக்கா? எளச்சிட்டீங்க."

"நீங்க எப்படி இருக்கீங்க எஸ்தர்? எந்தக் கம்பெனி?"

"செல்போனு ஸ்க்ரீனு செய்யறாங்கக்கா. ஓடி வரும், நாங்க பாத்துப் பாத்துத் தள்ளணும். கோடு, புள்ளி எதுனா இருக்குதான்னு." கொஞ்சம் சிரித்தார். "அங்க ஒரு வசதி இருக்குதுக்கா. கோடு தெரியுதுன்னு நான் சொன்னா, ஸ்க்ரீனத்தான் தூக்கிப் போட்றாங்க."

நான் சிரிக்க முயன்றேன். பிறகு, அத்தனை வருடம் கழித்து, நடைபாதையில் நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

"எஸ்தர், அன்னைக்குக் காலையில நான்..."

"தெரியும்க்கா. ஏழே முக்காலுக்கு பையத் தூக்கிக்கினு படியில எறங்குனீங்க. எனக்கு அன்னிக்கு மொத பஸ் கெடச்சிது. எதிர்ல டீக்கடையில ஒக்காந்து இருந்தேன்."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

எஸ்தர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"சொல்ல வேண்டியது நானாக்கா?"

பஸ் வந்தது. பெண்கள் ஏறினார்கள். எஸ்தர் ஜன்னலோர இடம் பிடித்து, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ பேச ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவருக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் கணினியை ஒப்படைக்கும்போது நிரப்புகிற படிவத்தின் கடைசி வரியைப் பார்த்திருப்பீர்கள். "சோதனைக்காக அணைத்த அமைப்புகள் அனைத்தும் திரும்பப் போடப்பட்டன." அதன் கீழ் இரண்டு கையெழுத்து: ஒன்று உங்களுடையது, மற்றது அந்தத் திரைமுன் உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவருடையது. மேலாளருடையது செல்லாது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது நான்தான், வேலையின் கடைசி வருடத்தில். அதை நிரப்பாமல் விடாதீர்கள். இரண்டாவது கையெழுத்துக்காரர் ஏதாவது கேட்டால், பதில் தெரியும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்து வராதீர்கள்.

என் பிரிவு உபசார விழாவில் சர்வீஸ் தலைவர் அந்த வரியைக் குறிப்பிட்டுப் பேசினார். மேடத்தின் முன்யோசனைக்கு அது ஓர் உதாரணம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அதையும் நான் திருத்தவில்லை.